உலகம்மாளைப் பின்தொடர்ந்த பதினோரு செடிகள்

ஒன்பது நாட்டு விஞ்ஞானிகள் கூடி, உலகத்தில் அழியப்போகிறவற்றில் எதை முதலில் காப்பாற்றுவது என்று மூன்று வருடம் பேசி, சண்டை போட்டு, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் மூவாயிரத்துச் சொச்சம் பெயர்களை வரிசைப்படுத்தி முடித்த அதே மாதத்தில், அந்த வரிசையில் முதலாவதாக நின்ற செடி, தான் காலங்காலமாக ஒட்டிக்கொண்டிருந்த பாறையை விட்டு இறங்கி, தனக்குக் காவல் இருந்த பெண்ணின் பின்னால் போகத் தொடங்கியது.

அவள் பெயர் உலகம்மாள். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் இருபத்தெட்டு வருடம் உப்பு வாரியவள். உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வந்ததில், ஐம்பதாவது வயதில், எதிரே வருகிறவரின் சேலை நிறம் மட்டும் தெரிந்து முகம் தெரியாத நிலை வந்துவிட, இரண்டு வருடத்துக்கு உப்புப் பக்கமே போகக் கூடாது, நிழலில் பச்சையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் சுயம்புவுக்கும் அதே உப்பளத்தில்தான் வேலை. பிள்ளைகள் இல்லை. அங்கே மோட்டார் பழுது பார்க்க வருகிறவரின் தங்கை ஆவுடைநாயகி, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுப்பவள். மேற்கு மலையில் நெடும்பாறை என்ற இடத்தில் ஒரு செடிக்குக் காவல் இருக்க ஆள் வேண்டும், வருடத்தில் ஒன்பது மாதம் மழை பெய்கிற இடம் என்பதால் யாரும் நிற்க மாட்டேன் என்கிறார்கள் என்று அவள் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“ரெண்டு வருசந்தானளா. கண்ணு தெளிஞ்சதும் வந்துரு” என்று சொல்லி சுயம்பு அவளை பஸ் ஏற்றிவிட்டான்.

செடி சாண் உயரம் இருந்தது. இலை கொத்தமல்லி விதையை நசுக்கிப் போட்டதுபோலச் சின்னது, பூ வெள்ளை, பூவின் தொண்டையில் மட்டும் ஒரு சிவப்பு. பார்க்கக் காசித்தும்பைச் சாயல் இருந்தாலும் காசித்தும்பைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பூமியில் அதற்குச் சொந்தம் என்று சொல்ல வேறொரு செடியே கிடையாது என்றாள் ஆவுடைநாயகி. உலகம் முழுக்கத் தேடியும் மொத்தமே பதினொன்றுதான், அந்தப் பதினொன்றும் ஒரே பாறையில், உள்ளங்கை அகல வெடிப்பில் இருந்தன. காலையும் மாலையும் எண்ணி நோட்டில் எழுத வேண்டும், மிளா மான் வந்தால் விரட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. தகரக் கொட்டகையில் உலகம்மாள் தனியாக இருந்தாள். ஒரு வருடம் முடிவதற்குள், இலை நுனியில் தொங்கும் தண்ணீர்ச் சொட்டுக்குள் மரம் தலைகீழாக நிற்பதுகூட அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தச் செடியை விஞ்ஞானிகள் முதலாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எண்ணிக்கையில் குறைந்ததாக இருக்க வேண்டும், சொந்தபந்தம் இல்லாததாக இருக்க வேண்டும், கூடவே காப்பாற்ற முடிவதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் மற்றவை எல்லாம் தோற்றன. ஒன்றுக்குக் காடு எரிந்துகொண்டிருந்தது, ஒன்றுக்கு ஆறு வற்றிக்கொண்டிருந்தது, ஒன்றின் தீவையே கடல் விழுங்கிக்கொண்டிருந்தது. இந்தச் செடிக்கோ அசையாத பாறை இருந்தது, ஓயாத மழை இருந்தது, காவலுக்கு ஆளும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை ரேஷனில் பாமாயில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உலகம்மாள் மூன்று மைல் நடந்து மேல்பஜாருக்குப் போனாள். தேயிலைத் தோட்டத்து ஜனம் முழுக்க வரிசையில் நின்றது. மூன்றாவது மணி நேரத்தில், கடையில் அளந்து போடுகிற சேவியர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “உலகக்கா, காலுகிட்ட என்னது?” என்றான்.

குனிந்து பார்த்தாள். சுவரும் சிமென்ட்டுத் தரையும் சேருகிற ஈர வெடிப்பில் பதினோரு செடியும் இருந்தன, நாலு பூத்தும் இருந்தன. உலகம்மாள் முதலில் எண்ணினாள். பிறகு மேலே பார்த்து, கூரை நிழல் எதுவரைக்கும் விழும் என்று கணக்கிட்டாள். பிறகு பாமாயிலை வாங்கிக்கொண்டு மலையேறிப் போய்ப் பார்த்தால் பாறை வெடிப்பில் பாசி மட்டும் இருந்தது. மறுநாள் விடிந்தபோது பதினொன்றும் அவள் கட்டில் காலடியில், தகரம் ஒழுகுகிற இடத்தில் நின்றன.

அவை நகர்ந்ததை யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை. வேரோடு வருகிறதா, வேரை விட்டுவிட்டு வருகிறதா என்று பொன்னுத்தாயின் டீக்கடையில் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது, மூன்றாவது வாரம் அது அலுத்துப்போய் ஜனங்கள் ஆகவேண்டிய காரியத்தைப் பார்த்தார்கள். உலகம்மாள் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார்கள். தோட்டத்து பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கையை, சேறு தெறித்து ஈரமாக இருக்கிறது என்று அவளுக்கென்றே விட்டுவைத்தார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பூசாரி குறுக்கே கயிறு கட்டி ஒரு மூலையை ஒதுக்கினார், மாதா கோயிலில் அவளுக்காகக் கிழக்கு ஜன்னலைச் சாத்தி வெயிலை மறைத்தார்கள். கல்யாண வீட்டுக்கு அழைத்தார்கள், அழைத்து, பந்தலின் ஓரத்தில் தனி நாற்காலி போட்டு, சுற்றிலும் ஆறடிக்கு யாரும் வராமல் பார்த்துக்கொண்டு, தனி இலை போட்டு, எட்ட நின்று கையை நீட்டிப் பரிமாறினார்கள்.

“பக்கத்துல வந்து ஒக்காரேன் பொன்னு” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“மிதிச்சிருவோமோன்னு பயமா இருக்கு மதினி” என்றாள் பொன்னுத்தாய். “ஒலகத்துக்கே அது ஒண்ணுதானாம்லா.”

யார் மனசிலும் விகல்பம் இல்லை. ஆனால், இன்னொருவரின் தலையில் தேய்த்த எண்ணெய் மணக்கிற தூரத்தில் அவளுக்கு யாருமே வராமல் போனார்கள்.

ஒன்பது பேரில் இந்தியாவுக்காக இருந்த ஆவுடைநாயகி படங்களை மற்ற எட்டு நாட்டாருக்கும் அனுப்பினாள். மாதம் ஒருமுறை அவர்கள் கம்ப்யூட்டர் திரையில் கூடுவார்கள், ஒருவருக்குக் காலை உணவு நேரமாக இருக்கும், ஒருவருக்குத் தூங்கப் போகும் நேரமாக இருக்கும். அவர்களில் யாரும் இப்படி நடக்காது என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு மூலையில், முடிந்துபோகப் போகிற ஒன்றின் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள், அப்படிப்பட்டவர்களை ஆச்சரியப்படுத்துவது கஷ்டம். அவர்களுக்கு வந்த சிக்கல் வேறு. தலைமை வகித்த பின்லாந்துக்காரர் ஓலாவி பட்டியலைத் திறந்து, ‘இருப்பிடம்’ என்ற கட்டத்தில் இனி என்ன எழுதுவது என்று கேட்டார். பாறையைச் சுற்றி மூன்று மைல் வட்டம் போடலாம் என்றார் சிலி நாட்டுக்காரர். ஜப்பானியர், “அது எதைப் பற்றிக்கொண்டு வாழ்கிறதோ, அதுதானே இருப்பிடம்?” என்றார். ஆகவே அந்தக் கட்டத்தில் ‘உலகம்மாள், வயது ஐம்பத்திரண்டு’ என்று எழுதினார்கள். அடுத்த கட்டம் ஆபத்துகள். அதில் வெப்பம், உப்பு, பயணம், மூப்பு என்று எழுதினார்கள். அதற்கடுத்தது பாதுகாப்பு ஏற்பாடு. அதில், இருப்பிடம் நாலாயிரம் அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதினார்கள். எதையும் ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டால்தான் செய்வது என்பது அவர்கள் வைத்திருந்த சட்டம். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆவுடைநாயகியும் போட்டாள். போட்ட பிறகுதான், உலகம்மாளின் இரண்டு வருடம் அடுத்த மாதத்தோடு முடிகிறது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

அவளே மலையேறிப் போய்ச் சொன்னாள்.

“எத்தன நாளைக்கு டாக்டரம்மா?”

“தெரியலக்கா. வேற எடத்துல முளைக்க வைக்க முடியுமான்னு பாக்கோம். ஒம்பது தடவ போட்டுப் பாத்தாச்சு, வரல.”

“எங்க வீட்டுக்காரருகிட்ட?”

“நான் பேசுதேன்க்கா.”

“வேண்டாம். நீங்க சொன்னா நான் வரவே மாட்டேன்னு நம்பிருவாவ. நானே சொல்லிக்கிடுதேன்.”

கீழே போகிற வழியில் செக்போஸ்ட் ஒன்று உண்டு. அங்கே அவளை மறிக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு வரவில்லை, வரவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து பஸ் கண்டக்டர் அவளுக்குக் கீழ்நோக்கி டிக்கெட் கிழிக்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தால் பஸ் கிளம்பவில்லை, அவள் இறங்கும் வரைக்கும் பயணிகள் எல்லாரும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள்.

கார்த்திகையில் சுயம்பு வந்தான். ஒரு பை நிறையக் கருவாடும், துணியில் முடிந்த கல்லுப்பும் கொண்டுவந்திருந்தான். இரண்டு வருடத்தில் அவள் பக்கத்தில் உரசிக்கொண்டு உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். உப்பள மேஸ்திரி மாறியது, பக்கத்து வீட்டு மரியசெல்வி மகளுக்குக் கல்யாணமானது, வீட்டு வேம்பு காற்றில் சாய்ந்தது எல்லாவற்றையும் அவன் சொல்லச் சொல்ல, உலகம்மாள் ஏற்கெனவே போனில் கேட்டதையெல்லாம் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசும்போது அவன் அவளைப் பார்க்காமல் அவள் குரல் வந்த பக்கத்தைப் பார்த்தான் என்பதை அவள் கவனித்தாலும், மழை இருட்டு என்று எண்ணிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது, அவன் படுத்திருந்த பக்கம் இருந்த நாலு செடிகள் நெருப்பில் வாட்டியதுபோல ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தன. சுயம்பு விரலால் தடவிப் பார்த்தான். உப்பு இலையை என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து ஓடைக்குப் போய் மதியம் வரைக்கும் தண்ணீரில் கிடந்தான். முப்பத்தைந்து வருடமாகத் தோலுக்குள் இறங்கிய உப்பு ஒரு பொழுதில் இறங்கி வருமா? ஈர வேட்டியோடு வந்து பையை எடுத்தான்.

“நான் போறேம்ளா.”

“இரிங்க. இன்னும் ஏழு இருக்குல்லா.”

“அதான் போறேன்” என்றான் சுயம்பு.

அந்தத் தை மாதத்தில் மடகாஸ்கரிலிருந்து வுவாங்கி என்கிற பெண் வந்தாள், ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. ஏழு செடியையும் எண்ணிக் குறித்துக்கொண்டு, நோட்டை மூடிவிட்டு, முழங்காலை மடக்கி, ஓர் இலைகூட நலுங்காமல் உலகம்மாளின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். சின்னச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தே முடி நரைத்தவளுக்கு அது பழக்கமாக இருந்தது. அவள் தன் தீவில் ஒரு பனைக்குக் காவல் இருப்பதாகவும், அந்த ஜாதியில் இன்னும் மூன்றே மரங்கள்தான் மிச்சம் என்றும், பட்டியலில் அது பதினாறாவது என்றும் ஆவுடைநாயகி தமிழில் எடுத்துச் சொன்னாள்.

“அது இவளத் தேடி வருமா?” என்று உலகம்மாள் கேட்டாள்.

வுவாங்கி மறுத்துத் தலையாட்டினாள். “இல்லை. நான்தான் அதைத் தேடிப் போகிறேன். வருடத்தில் எட்டு மாதம். என் வீட்டில் இப்போது எனக்கென்று ஒரு தட்டு கிடையாது, போனால் யாருடைய தட்டிலாவது சாப்பிடுவேன்.”

உலகம்மாள் எழுந்து போய், சுயம்பு விட்டுப்போன கருவாட்டைச் சுட்டுக் கொண்டுவந்தாள். மழை விடும் வரைக்கும் இருவரும் முள்ளைப் பிரித்துப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள், ஆவுடைநாயகி மொழிபெயர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

பங்குனியில் ஒரு காலை உப்பளத்திலிருந்து மரியசெல்வி போன் பண்ணினாள். “மதினி, அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் போயிட்டு. தை மாசத்துலயே போயிட்டு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. போன வாரம் பாத்தி வரப்புல வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சிட்டு. ஆசுபத்திரியில கெடந்துட்டு இப்பம் வீட்டுக்குக் கொண்டாந்திருக்கோம். யாரு கஞ்சி குடுத்தாலும் வாயத் தொறக்க மாட்டேங்காவ.”

உலகம்மாள் அன்று நோட்டில் ‘ஏழு’ என்று எழுதிவிட்டு ஆவுடைநாயகியைக் கூப்பிட்டாள். “போறேன்” என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பது பேரும் அன்றைக்கே திரையில் கூடினார்கள். சுயம்புவை நல்ல மருத்துவமனையில் சேர்க்கலாம், ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அவர் வேறு ஆள் கையால் சாப்பிட மாட்டார் என்றாள் ஆவுடைநாயகி. மலைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டுவிட்டு, நாலு செடி கருகியதை நினைத்து அவர்களே அதைக் கைவிட்டார்கள். ஓலாவி கெட்டவர் அல்ல, தன் நாட்டில் ஒரு பாறைப்பாசிக்காக இருபது பனிக்காலம் கூடாரத்தில் கிடந்தவர். கடைசியில் அவர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த அம்மா இறங்காதபடி தடுக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். எட்டாவது ஆள் வரைக்கும் மெல்லச் சரி என்றார்கள். ஆவுடைநாயகியும் சரி என்றாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள் வுவாங்கி. “அந்தக் கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுதினோமே, அன்றைக்கே நான் போட்டிருக்கக் கூடாது.”

ஒன்பதில் ஒன்று குறைந்ததால் தீர்மானம் நிற்கவில்லை. ஏதோ ஒரு நாட்டில் நாய் குரைத்தது, ஏதோ ஒரு நாட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஜப்பானியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆவுடைநாயகி திரையை மூடிவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

செக்போஸ்ட்டில் மேல்பஜார் ஜனம் நின்றது. மறிக்க வந்தவர்கள்தான். ஆனால் காரின் கால்வைக்கும் இடத்தில், மிதியடிக்கும் கதவுக்கும் நடுவில், ஏழு செடியும் ஏற்கெனவே வந்து நிற்பதைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். சேவியர் ரேஷன் கடைச் சாக்குகளை நனைத்து ஜன்னலில் கட்டினான். பொன்னுத்தாய் காருக்குள் கையை விட்டு உலகம்மாளின் கன்னத்தைத் தடவி, “பாத்துப் போயிட்டு வாங்க மதினி” என்றாள். கம்பி மேலே போனது.

இறங்க இறங்க வெயில் ஏறியது. ஆவுடைநாயகி அந்தச் செடியைக் கண்டுபிடித்துப் பத்தொன்பது வருடமாகியிருந்தது. அவள் வேறெதையும் கட்டிக்கொள்ளவில்லை, வேறெதற்காகவும் விடிகாலையில் எழுந்ததில்லை. பாளையங்கோட்டை தாண்டும்போது இரண்டு செடி தலை சாய்த்துவிட்டன.

“ஒங்களுக்குத்தான் டாக்டரம்மா நட்டம்” என்றாள் உலகம்மாள்.

“ஆமாக்கா” என்றாள் ஆவுடைநாயகி.

உப்பளத்து வீட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த ஒரு முழ நிழலில் அவை வந்து சேர்ந்தன. உலகம்மாள் ஈரச் சாக்கு விரித்தாள், நல்ல தண்ணீர் தெளித்தாள், கதவிடுக்கில் சேலையைச் செருகி உப்புக்காற்றை அடைத்தாள். ஒரு கையால் புருஷனைப் புரட்டிப் படுக்கவைத்து, மறு கையால் செடிக்கு விசிறினாள். செடிகள் ஒன்பது நாள் உயிரோடு இருந்தன. கருகிப் போனதை எல்லாம் ஆவுடைநாயகி செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மூடினாள். கடைசிச் செடி ஒரு மத்தியானம், சுயம்பு முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்து ஒரு கும்பா கஞ்சியை முழுசாகக் குடித்த நேரத்தில், யாரும் பார்க்காமல் கருகிப் போனது.

அடுத்த கூட்டத்தில் ஓலாவி முதல் வரியை எடுத்தார். மற்றவை எல்லாம் ஒரு படி மேலே ஏறின. ஏதோ ஒரு தீவின் நத்தை முதலாவதானது, வுவாங்கியின் பனை பதினைந்தாவதானது. ஆவுடைநாயகி இரண்டு மாதம் அந்தக் கூட்டங்களில் முகம் காட்டவில்லை. மூன்றாவது மாதம் வந்து உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, நத்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

சுயம்பு தேறினான், நடை மட்டும் வரவில்லை. சாயங்காலம் உலகம்மாள் அவனைத் தூக்கி வாசல்படியில் உட்காரவைப்பாள். பக்கத்து வீட்டார் வந்து நெருக்கி உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகும் அவள் காலை நீட்டாமல், காலடியில் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்திருப்பாள். கண் மறுபடி மங்கத் தொடங்கியிருந்ததால் உப்பு மேடுகள் அவளுக்கு வெறும் வெளிச்சமாகத் தெரிந்தன.

“ஏளா, அது இருக்கா?” என்று ஒருநாள் கேட்டான்.

“இருக்கு.”

“எத்தன?”

“ஏழும் இருக்கு.”

அவன் தரையைத் தடவிக்கொண்டே கையை நகர்த்தி, அவள் காலுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்திக்கொண்டான். “பூத்திருக்கா?”

“பூத்திருக்கு.”

சுயம்பு முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். “வாசம் வருதுளா” என்றான்.

அந்தப் பூவுக்கு வாசம் கிடையாது. உலகம்மாள், “ஆமா” என்று சொல்லி, அவன் கையைத் தரையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.